எடோ 2020: துடைப்பத்திலிருந்து குடைக்குப் போன ஆளுநர்

நைஜீரியாவில் மாநில ஆளுநர் என்பவர் நம்மூர் முதல்வருக்குச் சமம். மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு ஆண்டுப் பதவி, அதிகபட்சம் இரண்டு முறை. எடோ மாநிலத்தில் 2020 செப்டம்பர் 19-ல் நடந்த தேர்தலில் 14 கட்சிகள் நின்றன. நிஜமான மோதல் காட்வின் ஒபாசெக்கிக்கும் ஒசாகி இஸே-இயாமுவுக்கும்தான். 2016-லும் இதே இருவர்தான் மோதினார்கள். அப்போது ஒபாசெக்கி ஏ.பி.சி. (அனைத்து முற்போக்கினர் காங்கிரஸ்) கட்சியின் துடைப்பச் சின்னத்தில் நின்றார், இஸே-இயாமு பி.டி.பி. (மக்கள் ஜனநாயகக் கட்சி)யின் குடைச் சின்னத்தில். 2020-ல் துடைப்பம் இஸே-இயாமுவுக்கு, குடை ஒபாசெக்கிக்கு! ஆகவே கட்சிக் கொள்கைகளை எடுத்து வைத்து ஒப்பிடுவது வெட்டி வேலை. ஆட்களைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த இடமாற்றத்துக்குக் காரணம் ஆடம்ஸ் ஒஷியோமோலே. 2008 முதல் 2016 வரை ஆளுநராக இருந்தவர். ஒபாசெக்கியைக் கைப்பிடித்துக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தவரும் அவரே. பிறகு ஏ.பி.சி.யின் தேசியத் தலைவரானார், இருவருக்கும் முட்டிக்கொண்டது. 2020 ஜூனில் கல்விச் சான்றிதழில் குளறுபடி என்று சொல்லி, பதவியில் இருக்கும் ஆளுநருக்கே கட்சியின் தேர்வுக் குழு கதவைச் சாத்தியது. 2016-ல் அதே சான்றிதழ்களோடு சீட் கொடுத்த கட்சி இது. ஒபாசெக்கி எங்களிடம் படித்துப் பட்டம் வாங்கியவர்தான் என்று இபாடான் பல்கலைக்கழகமே சொல்லியும் பலனில்லை. அவர் பி.டி.பி.க்குத் தாவினார், சில நாட்களில் வேட்பாளரும் ஆனார்.

இனி ஆட்கள். ஒபாசெக்கி பங்குச்சந்தை, முதலீட்டுத் துறையிலிருந்து வந்தவர். மேடைப் பேச்சு சுமார்தான். ஆனால் காட்டுவதற்கு ஒன்று இருந்தது: 2018-ல் தொடங்கிய எடோபெஸ்ட் திட்டத்தில் அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் கையில் டேப்லெட் வந்தது. இஸே-இயாமு வழக்கறிஞர், போதகரும்கூட. முன்பு ஆளுநர் லக்கி இக்பினெடியனின் ஆட்சியில் அரசுச் செயலராக இருந்தவர். ஊர் ஊராக ஆட்களைத் தெரிந்து வைத்திருக்கும் களப் பணியாளர் என்ற வகையில் அவர் ஒரு படி மேல். அவர் மேல் தேர்தல் நிதி தொடர்பாக 70 கோடி நைரா வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார்.

இஸே-இயாமுவுக்குப் பெரிய தலைவலி, இப்போது அவரை ஆதரித்த ஒஷியோமோலேதான். 2016-ல் இஸே-இயாமுவை ஒஷியோமோலே மேடை மேடையாகக் கிழித்த வீடியோக்கள் 2020-ல் மறுபடி சுற்ற ஆரம்பித்தன. ஒபாசெக்கியைக் கொண்டுவந்ததற்காக மக்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வாக்குக் கேட்க வேண்டிய நிலை ஒஷியோமோலேக்கு. போதாக்குறைக்கு, ஒபாசெக்கியை நிராகரியுங்கள் என்று லாகோஸ் மாநில முன்னாள் ஆளுநரும் ஏ.பி.சி. தலைவர்களில் ஒருவருமான போலா தினுபு வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு ஒரு வீடியோ வெளியிட்டார். வெளியிலிருந்து யாரும் எங்களுக்கு ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்ற பொருளில், ‘எடோ ஒன்றும் லாகோஸ் இல்லை’ என்ற முழக்கம் அதற்கு முன்பே கிளம்பியிருந்தது. வீடியோ அதற்கு எண்ணெய் ஊற்றியது.

இதையெல்லாம் வைத்து ஒபாசெக்கியை ஜனநாயகக் காவலராக்கிவிடவும் முடியாது. 24 பேர் கொண்ட சட்டமன்றத்தை 2019 ஜூனில் இரவோடு இரவாக, மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்ட உறுப்பினர்களோடு ஒபாசெக்கி தரப்பினர் கூட்டினார்கள். மீதிப் பேரில் பெரும்பாலோருக்குப் பதவியேற்பே நடக்கவில்லை. 2020 ஆகஸ்டில் எதிர்க் கோஷ்டி வேறிடத்தில் கூடித் தனிச் சபாநாயகரைத் தேர்ந்தெடுத்த நேரத்தில், சட்டமன்ற வாசலில் மணலைக் கொட்டி வழியை அடைத்தார்கள், கூரையையும் பிரித்தார்கள். கேட்டால், புதுப்பிக்கும் பணியாம்! பள்ளிக்கூடத்தை வைத்துப் பார்த்தால் என் வாக்கு ஒபாசெக்கிக்கு. அந்த மணல் குவியலைப் பார்த்தால் கை தயங்கும்.

முடிவு: ஒபாசெக்கி 3,07,955, இஸே-இயாமு 2,23,619. 2016-ல் இது 3,19,483-க்கு 2,53,173. இருவருக்குமே வாக்கு குறைந்தது, ஆனாலும் வித்தியாசம் 66,310-லிருந்து 84,336 ஆக உயர்ந்தது. 18 உள்ளாட்சிப் பகுதிகளில் 13 ஒபாசெக்கிக்கு. வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தால் சுவாரசியம் கூடுகிறது. வடக்கில் இருக்கும், ஒஷியோமோலேயின் சொந்தப் பகுதியான எட்சாகோ மேற்கு 2016-ல் ஒபாசெக்கிக்கு அள்ளிக் கொடுத்தது. 2020-ல் தலைவரோடு சேர்ந்து அப்படியே இஸே-இயாமு பக்கம் போனது. அந்த இழப்பை ஈடுகட்டியது மாநிலத் தலைநகரான பெனின் நகரம். நகரப் பகுதிகளான ஒரெடோவில் 43,498-க்கு 18,365, இக்போபா-ஒக்காவில் 41,030-க்கு 18,218. நகரத்தில் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கியவரை வடக்கு எல்லையிலிருந்து வீழ்த்த முடியாது. பதிவான வாக்காளர் சுமார் 22 லட்சம் பேரில் நான்கில் ஒருவர்தான் வாக்களித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; திரட்டி அழைத்து வரத் தெரிந்தவருக்கே வெற்றி.

இரண்டு முறை முடிந்துவிட்டதால் 2024-ல் ஒபாசெக்கி நிற்க முடியவில்லை. அசூ இகொடாலோவை வாரிசாக முன்னிறுத்தினார், குடை தோற்றது. துடைப்பத்தில் வென்ற மண்டே ஒக்பெபோலோவை ஆதரித்தவர்களில் ஒஷியோமோலேயோடு இன்னொருவரும் உண்டு: 2020-ல் ஒபாசெக்கியோடு ஏ.பி.சி.யை விட்டு வந்த துணை ஆளுநர் பிலிப் ஷைபு.