1967 மஸ்டாங்கில் எதை ஏற்றுவது: 302-ஆ, கயோட்டியா, எல்எஸ்-ஆ?

1967, 68 மாடல் ஃபோர்டு மஸ்டாங் வைத்திருக்கிற பலரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்விக்கு வந்து சேர்வார்கள். பழைய 289 இன்ஜின் (289, 302, 390 எல்லாம் கன அங்குலத்தில் இன்ஜினின் கொள்ளளவு) புகை கக்க ஆரம்பித்திருக்கும். சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்கிற செலவுக்கு வேறொன்றையே ஏற்றிவிடலாமே என்று தோன்றும். பேச்சில் அடிபடுவது மூன்று: ஃபோர்டின் பழைய 302, ஃபோர்டின் புதிய வி8 ஆன கயோட்டி, செவர்லேயின் வி8 ஆன எல்எஸ். உடனே எத்தனை குதிரைத்திறன், என்ன விலை என்று பட்டியல் போட உட்காருவார்கள். என் கணக்கு அங்கே தொடங்குவதில்லை. காரில் எதை அறுக்க வேண்டிவரும் என்றுதான் முதலில் பார்ப்பேன். ஏற்றிய இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் இறக்கிவிடலாம். அறுத்தெடுத்த தகட்டைப் பழையபடி ஒட்டவைப்பது லேசான காரியமில்லை.

 

ஸ்பேனரை எடுக்கும் முன் வாகன அடையாள எண்ணில் ஐந்தாவது இடத்தைப் பாருங்கள். அங்கே 'கே' என்ற எழுத்து இருந்தால் அது 271 குதிரைத்திறன் 289. அந்தக் காருக்கு மதிப்பே அந்த இன்ஜினால்தான், கைவைக்காதீர்கள். 'சி' என்றிருந்தால் 200 குதிரைத்திறன் கொண்ட சாதாரண 289. ஏகப்பட்டது செய்தார்கள், மாற்றினால் யாரும் அழப்போவதில்லை. இனி சொல்வதெல்லாம் அந்த இரண்டாம் ரகக் காருக்கு.

பானட்டைத் திறந்தால் இன்ஜினின் இரு பக்கமும் தகட்டுப் பெட்டிகள் இரண்டு எழும்பி நிற்கும். ஷாக் டவர் என்பது இதுதான். முன்சக்கரத்தின் காயில் ஸ்பிரிங் மேல் கண்ட்ரோல் ஆர்மில் உட்கார்ந்து, தலைப்பக்கம் இந்த டவரில் முட்டி நிற்கிறது. இந்தக் காருக்குத் தனி சேசிஸ் கிடையாது, பாடியே சேசிஸ். அதனால் முன்பக்கப் பாரமெல்லாம் இந்தத் தகடுகள் வழியாகத்தான் இறங்குகிறது. 390 என்ற பெரிய இன்ஜினை நுழைக்கவே ஃபோர்டு 1967-ல் இந்த இடத்தை அகலப்படுத்தியது. அப்படியும் 390 காரில் ஸ்பார்க் பிளக் கழற்றும் மெக்கானிக்கின் வாயிலிருந்து நல்ல வார்த்தை வராது. எந்த மாற்று இன்ஜினும் கடைசியில் இந்த இரண்டு டவர்களுக்கு நடுவேதான் பரீட்சை எழுத வேண்டும்.

அதில் சிரமமில்லாமல் தேறுவது 302. 289-ன் உடன்பிறப்பு: அதே 4 அங்குல போர் (சிலிண்டர் விட்டம்), ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) மட்டும் 2.87 அங்குலத்திலிருந்து 3 அங்குலம் ஆனது. 1968-ல் வந்த இந்த இன்ஜின் எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் 2001 வரை ஓடியது. நீங்கள் தேட வேண்டியது ரோலர் கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டின் மேல் லிஃப்டர் உரசாமல் உருளையில் ஓடும் ரகம்) உள்ளதை: 1987-93 மஸ்டாங் 5.0-லிருந்து (302-ஐ லிட்டரில் சொன்னால் 5.0) கழற்றியது அல்லது 1996-2001 எக்ஸ்ப்ளோரரிலிருந்து கழற்றியது. பழைய ரகத்தில் கேமும் லிஃப்டரும் தேய்ந்தே தீரும். ரோலரில் அந்தக் கவலை பெருமளவு போய்விடும்.

இதில் பலரை ஏமாற்றும் எண் ஒன்று இருக்கிறது. 1967-ன் நான்கு பேரல் கார்புரேட்டர் 289-க்கு ஃபோர்டு சொன்னது 225 குதிரைத்திறன். 1987 மஸ்டாங் 5.0-க்குச் சொன்னதும் அதே 225. அப்படியென்றால் எதற்கு மாற்ற வேண்டும்? 1972 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகள் அளக்கும் முறையையே மாற்றிவிட்டன. அதற்கு முன், ஆல்டர்னேட்டர், ஏர் ஃபில்டர், சைலன்சர் என்று எந்தச் சுமையும் இல்லாமல் இன்ஜினை மட்டும் மேடையில் ஓட்டி வந்த எண்ணைச் சொன்னார்கள். பிறகு காரில் இருக்கிறபடியே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். ஆக இரண்டாவது 225 முதல் 225-ஐவிடக் கணிசமாகப் பெரியது. ஓட்டிப் பார்த்தால் முதல் கியரிலேயே தெரிந்துவிடும்.

302 அப்படியே உட்கார்ந்துவிடும் என்று சொல்வது முக்கால் உண்மை. மவுண்ட் பொருந்தும், கியர்பாக்ஸை இன்ஜினோடு இணைக்கும் ஆறு போல்ட் பெல்ஹவுசிங் பொருந்தும். ஆனால் 87-93 மஸ்டாங்கின் ஆயில் பேன் இரட்டைப் பள்ளம் கொண்டது. பழைய காரின் அடியில் முன்பக்கம் பள்ளமுள்ள பேன்தான் ஏறும், அதற்கேற்ற, எண்ணெய் உறிஞ்சும் பிக்கப் குழாயும் வேண்டும். பேலன்ஸ் விஷயம் இன்னும் மோசம். 289-ம் ஆரம்பகால 302-ம் 28 அவுன்ஸ்-அங்குலக் கணக்கில் எடைசமன் செய்தவை. எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து வந்தவை 50. பழைய ஃப்ளைவீலையோ முன்பக்க டாம்பரையோ மிச்சம் பிடிப்பதாக நினைத்துப் புதிய இன்ஜினில் மாட்டினால், ஐடிலிங்கில் ஒன்றும் தெரியாது, வேகம் ஏற ஏற ஸ்டீயரிங் வரை நடுங்கும். பேரிங் பாழாகிற வரை 'கியர்பாக்ஸ் மவுண்ட்தான் போயிருக்கும்' என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஃபயரிங் ஆர்டரும் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) வேறு. பழைய 289-ல் 1-5-4-2-6-3-7-8. மேலே சொன்ன மஸ்டாங் 5.0-விலும் எக்ஸ்ப்ளோரரிலும் 1-3-7-2-6-5-4-8. பிளக் வயரைப் பழைய பழக்கத்தில் மாட்டினால் கார்புரேட்டர் வழியாக வெடிக்கும்.

எக்ஸ்ப்ளோரர் இன்ஜின் காயலான் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அதில் 1997 முதல் வந்த ஜிடி40பி சிலிண்டர் ஹெட் நல்ல ஹெட்தான். ஆனால் ஸ்பார்க் பிளக் நிற்கும் கோணம் மாறியிருப்பதால், புகை வெளியேறும் சாதாரண ஹெடர் குழாயில் பிளக் தொப்பி உரசி உருகும். அதற்கென்று செய்த ஹெடர் வாங்காவிட்டால் மலிவாக வாங்கினோம் என்ற சந்தோஷம் நிலைக்காது.

302 போதாது என்பவர்கள் 351 விண்ட்சர் பக்கம் போவார்கள். அதே குடும்பம், பிளாக்கின் டெக் (ஹெட் உட்காரும் மேல்தளம்) மட்டும் 1.3 அங்குலம் உயரம். உயரம் கூடினால் வி8-ல் அகலமும் கூடும். 67 காரில் போகும், ஹெடர் நெருக்கடியாக இருக்கும். முறுக்குவிசை வேண்டும், கார்புரேட்டரே போதும் என்றால் நல்ல தேர்வு.

கயோட்டி வேறு உலகம். 2011 மஸ்டாங் ஜிடி-யில் வந்தபோது 412 குதிரைத்திறன், 2015-ல் 435, 2018-ல் 460. அலுமினிய பிளாக் என்பதால் எடையும் பழைய வார்ப்பிரும்பு 289-ஐவிடக் கூடுதலில்லை. இடம்தான் பிரச்சினை. நான்கு கேம்ஷாஃப்ட்டும் ஹெட்டின் மேல் இருப்பதால் இன்ஜின் தலை பெருத்து நிற்கிறது. டவரை வைத்துக்கொண்டு இறக்க வழியில்லை. வழக்கமாகச் செய்வது, இரண்டு டவரையும் அறுத்தெடுத்துவிட்டு 1974-78 மஸ்டாங் II பாணியிலான முன் சஸ்பென்ஷனை வெல்டிங் செய்வது. அதோடு ராக் அண்ட் பினியன் ஸ்டீயரிங்கும் வந்துவிடும், அது லாபம். ஆனால் டவர் சுமந்த பாரம் இனி முன் ரெயிலில் விழும். அறுபது வருடத் துரு அந்த ரெயிலில் எவ்வளவு தின்றிருக்கிறது என்று பார்க்காமல் வெல்டிங் மிஷினை ஆன் செய்கிற பட்டறையிலிருந்து காரை வெளியே எடுத்துவிடுங்கள். ஆக்சிலரேட்டருக்கும் கேபிள் கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர். அதனால் பெடல், இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), வயரிங் எல்லாம் ஒரே செட்டாக, ஃபோர்டே விற்கும் கண்ட்ரோல் பேக்காக வாங்குவதுதான் புத்திசாலித்தனம். யாரோ முன்பே டவரை அறுத்துக் குளறுபடி செய்த கார் கையில் கிடைத்தால் யோசிக்காமல் கயோட்டி போடுவேன். முழுசாக இருக்கும் காரை அதற்காக அறுக்க எனக்கு மனம் வராது.

எல்எஸ் என்றாலே ஃபோர்டு ஆட்களுக்கு மூக்கின்மேல் கோபம் வரும். ஃபோர்டுக்குள் செவர்லே இன்ஜினா! கோபத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால், பொறியியலில் இதைக் குறை சொல்ல முடியாது. 1997 கார்வெட்டில் 345 குதிரைத்திறனோடு வந்த எல்எஸ்1 புஷ்ராட் இன்ஜின்; கேம் பிளாக்குக்குள்ளேயே இருப்பதால் ஹெட் ஒடுக்கம். கயோட்டி நுழையாத இடத்தில் இது நெருக்கிப் பிடித்து நுழைந்துவிடும். 1999 முதல் சில்வராடோ, டாஹோ வண்டிகளில் வந்த இரும்பு பிளாக் 5.3 லிட்டர் இன்ஜின் சல்லிசாகக் கிடைக்கும், டர்போ மாட்டினாலும் தாங்கும்.

இதன் சிக்கல் அடியில். எல்எஸ் ஆயில் பேன்களில் பெரும்பாலானவற்றுக்குப் பள்ளம் பின்பக்கம். பழைய மஸ்டாங்கிலோ ஸ்டீயரிங் லிங்க் அங்கேதான் குறுக்கே ஓடுகிறது. இதற்கென்றே தனி பேன், தனி மவுண்ட், தனி ஹெடர் விற்கிறார்கள். அவற்றைக் கூட்டினால் காயலான் கடையில் மிச்சம்பிடித்தது கரைந்துவிடும். டிரக்கின் இன்டேக் (காற்று உள்ளே போகும் பாகம்) உயரமானது, பானட்டில் இடிக்கும். செவர்லேயின் 1967 கமாரோவாக இருந்தால் கேள்வியே இல்லை, எல்எஸ்தான். மஸ்டாங்கில் அதன் மலிவு பாதி காணாமல் போகிறது. விற்கும்போது வாங்க வருகிறவர் பானட்டைத் திறந்து முகம் சுளிப்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எது ஏற்றினாலும் வந்தே தீரும் செலவு சில உண்டு. பழைய மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப் தரும் அழுத்தம் ஐந்தாறு பிஎஸ்ஐ. 5.0-ன் இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 40, எல்எஸ், கயோட்டிக்கு 55-60. டேங்குக்குள் பம்ப், புதிய லைன் என்று மாற்றியாக வேண்டும். 302-ல் மட்டும் கார்புரேட்டரையே வைத்துக்கொண்டு இதைத் தள்ளிப்போடலாம். கலிபோர்னியாவிலும் 1975 வரையிலான கார்களுக்குப் புகைச் சோதனை இல்லை என்பதால் அந்தப் பக்கம் தொல்லையில்லை.

சாதாரண 289 காரின் பின் ஆக்சில் 8 அங்குலம். ரோலர் 302-ஐயும் ஐந்து கியர் டி-5 கியர்பாக்ஸையும் அது தாங்கும். 400 குதிரைத்திறனுக்கு மேல் போனால் 9 அங்குல ஆக்சில் தேட வேண்டும், கியர்பாக்ஸும் டிரெமெக் கம்பெனியின் கனமான ரகத்துக்கு ஏறி, கியர்பாக்ஸ் உட்காரும் டனலில் தகடு வெட்டச் சொல்லும். பிரேக்கை யாரும் கேட்பதில்லை. 1967-ல் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர் வந்துவிட்டது, ஆனால் முன் டிஸ்க் அப்போதும் ஆப்ஷன்தான், பல காரில் நான்கும் டிரம். கயோட்டிக்கு விலை கேட்கிறவர்கள் ஆக்சில், டிஸ்க், கியர்பாக்ஸ் மூன்றையும் அதே ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பட்ஜெட் அதைத் தாங்காவிட்டால், முதலில் முன் டிஸ்க்கை மாட்டிவிட்டு, மிச்சப் பணத்தில் என்ன 302 கிடைக்கிறது என்று பாருங்கள்.