மாணவராக இருந்துகொண்டே சொல்லிக்கொடுக்க: ஸ்கூல்ஹவுஸ் டாட் வேர்ல்ட் எப்படி?

நானும் இன்னும் படித்துக்கொண்டிருப்பவன்தான். தன் படிப்பு முடியும் முன்பே சின்னவர்களுக்கு ஏதாவது செய்ய நினைக்கிற மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஸ்கூல்ஹவுஸ் டாட் வேர்ல்ட், 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது இணையத்தில் இலவசப் பாடங்கள் தரும் கான் அகாடமியின் நிறுவனர் சல்மான் கானும் மற்றவர்களும் தொடங்கிய தளம். படிப்பவர் காசு கொடுக்க வேண்டாம், சொல்லிக்கொடுப்பவருக்குச் சம்பளமும் கிடையாது. ஜூம் வழியே சின்னக் குழுக்களாக வகுப்பு நடக்கும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது சேரும் முறை. "உனக்கு என்ன தகுதி?" என்று இவர்கள் பட்டத்தை வைத்துக் கேட்பதில்லை. எந்தப் பாடப்பகுதியைச் சொல்லிக்கொடுக்கப் போகிறீர்களோ அதற்கான கான் அகாடமி தேர்வை எழுத வேண்டும். எழுதும்போது திரையும் முகமும் பதிவாகிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கணக்கையும் ஏன் இப்படிப் போடுகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போட வேண்டும், 90 விழுக்காடாவது எடுக்க வேண்டும். அந்தக் காணொளியை ஏற்கெனவே சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும் மற்ற மாணவர்கள் பார்த்து மதிப்பிடுவார்கள். விடை சரியாக வருவது வேறு, அது வந்த வழியை இன்னொருவருக்குப் புரியும்படி சொல்வது வேறு. முதலாவது மட்டும் கைவசம் இருப்பவர்கள் இங்கேயே திணறிப்போவார்கள். அது நல்லதுதான், பாவம் ஒரு பிள்ளை எதிரில் உட்கார்ந்திருக்கும்போது திணறுவதைவிட.

வகுப்பு எப்படிப் போகும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாணவி (a + b)² என்றால் a² + b² என்றே எழுதிக்கொண்டிருந்தாள். சூத்திரத்தைத் திரும்பச் சொல்லிவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் அவளிடம் அதை ஏற்கெனவே நான்கு பேர் சொல்லியிருப்பார்கள், மறுபடி சொன்னால் தலையாட்டுவாள், அவ்வளவுதான். அதனால் a-க்கு 2, b-க்கு 3 போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பக்கம் 25, இன்னொரு பக்கம் 13. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை, சொல்லிக்கொடுக்கிற வேலையில் கஷ்டமானது இதுதான். அப்புறம் அவளே, "12 காணோமே" என்றாள். இன்னும் கொஞ்சம் யோசித்து, "2-ஐயும் 3-ஐயும் பெருக்கினால் 6, அது ரெண்டு தடவை" என்றாள். அதன்பிறகு 2ab எங்கிருந்து வருகிறது என்று நான் விளக்கத் தேவைப்படவில்லை, சதுரம் வரைந்து அவளே காட்டிவிட்டாள். அந்தத் தப்பு எங்கே உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்ததற்குக் காரணம், நானும் அதே இடத்தைத் தாண்டி வந்து ரொம்ப வருஷம் ஆகவில்லை என்பதுதான். மாணவருக்கு மாணவர் உதவுவதில் இருக்கிற பெரிய பலம் இது.

சொல்லிக்கொடுப்பவருக்கும் லாபம் உண்டு. கணினிக்குள் இருக்கும் கற்பனை மாணவிக்குப் பாடம் நடத்தச் சொன்னால் பிள்ளைகள் தங்களுக்காகப் படிப்பதைவிட அதிக நேரம் செலவழித்துப் படிக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்டார்கள். எனக்கு அது ஆச்சரியமாகவே இல்லை. நாளைக்கு ஒருத்தர் "ஏன்?" என்று கேட்கப்போகிறார் என்று தெரிந்தால் யாருமே அரைகுறையாகப் படித்துவிட்டுப் போக மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. பாடங்கள் பெரும்பாலும் அமெரிக்கப் பாடத்திட்டத்தையும் அங்கே கல்லூரியில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வையும் ஒட்டியவை, ஆங்கிலத்தில் பேச வரவேண்டும். பேச்சு தடுமாறுகிற, கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதனால் ஒதுங்கிப்போவார்கள், எனக்கு அதில் வருத்தம்தான். இன்னொன்று, இது பாடத்துக்கான இடம். வழிகாட்டுதல் என்று நாம் நினைக்கிற மற்றதெல்லாம், எந்தப் படிப்பை எடுப்பது, வீட்டில் எப்படிப் பேசுவது, தோற்றுப்போனால் என்ன செய்வது, இதெல்லாம் வகுப்பு முடிகிற நேரத்தில் ஓரமாக வந்து நிற்கும், பாட வகுப்பு அதற்கானது இல்லை.

ஆனால் வகுப்புகள் எல்லாம் பதிவாகின்றன, அது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. முன்பு நான் இருந்த வேறொரு தன்னார்வத் திட்டத்தில் ஒரு பையனின் தொலைபேசி எண்ணைக் கையில் கொடுத்து "பார்த்துக்கோ" என்று விட்டுவிட்டார்கள். அவன் ஒரு நாள் ராத்திரி சாப்பாடே இறங்கவில்லை, பள்ளிக்கே போகப் பிடிக்கவில்லை என்று செய்தி அனுப்பியபோது யாரிடம் சொல்வது என்று கேட்டால் பதில் சொல்லக்கூட ஆள் இல்லை. அவன் அம்மாவிடம் பேசலாமா என்று அவனிடமே கேட்டு, அவன் சரி என்றதும் பேசினேன். இருபது வயதுக்காரரிடம் இதைத் தனியாகச் சுமக்கச் சொல்லக் கூடாது. எந்தத் திட்டத்தில் சேர்ந்தாலும் "பிள்ளைக்கு ஏதாவது என்றால் நான் கூப்பிட வேண்டிய பெரியவர் யார்?" என்று முதல் நாளே கேளுங்கள். பெயர் சொல்லவில்லை என்றால் சேராதீர்கள்.

நீங்கள் சொல்லிக்கொடுத்ததற்கான பதிவுச் சான்றை சிகாகோ பல்கலைக்கழகம், எம்ஐடி போன்றவற்றுக்கு விண்ணப்பத்தோடு கொடுக்கலாம். அதற்காக மட்டும் வருகிறவர்களைப் பிள்ளைகள் இரண்டாவது வகுப்பிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தொடங்குபவர்களுக்கு ஒரே ஒரு வகுப்பு நடத்தும் வாய்ப்பு இருக்கிறது, வாராவாரம் தொடரும் வகுப்பும் இருக்கிறது. முதலில் ஒற்றை வகுப்பு நடத்திப் பாருங்கள். தொடர் எடுக்கும் முன் உங்கள் தேர்வு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி போடுங்கள், பாதியில் நின்றால் அந்தக் குழு இன்னொருவரிடம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.