ஆட்சி மாறினாலும் நிலைப்பது எது? வெறுத்துப்போன வாக்காளரின் நான்கு வழிகள்

தேர்தல் அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். கரிம உமிழ்வு, வற்றும் நிலத்தடி நீர், பெருகும் அரசுக் கடன், முதியோர் எண்ணிக்கை உயர உயரக் கனக்கும் ஓய்வூதியச் சுமை ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பத்தி இருக்கும். அதில் தொகையும் இராது, கெடுவும் இராது. இவற்றைச் சீர்செய்யும் செலவு இன்றைய ஆட்சியின் தலையில் விழுகிறது, பலனோ இன்னும் வாக்குரிமை பெறாதவர்களுக்குப் போய்ச் சேர்கிறது என்பதே காரணம். எந்தக் கட்சியும் சரியில்லை என்று வெறுத்துப்போன வாக்காளருக்கு நான்கு வழிகள் உண்டு. அவற்றை ஒரே உரைகல்லில் உரைத்துப் பார்க்கிறேன்: அந்த வழியில் கிடைத்தது ஆட்சி மாறிய பிறகும் நிலைக்கிறதா?

புறக்கணிப்பு முதல் வழி. இந்தியாவில் 2013ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா இதன் நாகரிகமான வடிவம். ஆனால் நாடாளுமன்ற, சட்டமன்றத் தேர்தல்களில் நோட்டாவுக்கே அதிக வாக்குகள் விழுந்தாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவராவார். தண்ணீருக்காக அந்தப் பொத்தானை அழுத்தியவரும், வேட்பாளரைப் பிடிக்காமல் அழுத்தியவரும் ஒரே எண்ணில் கரைந்துபோகிறார்கள். கோபம் பதிவாகிறது, கோரிக்கை பதிவாவதில்லை.

சுற்றுச்சூழலையே முதன்மையாகக் கொண்ட சிறிய கட்சிக்கு வாக்களிப்பது இரண்டாவது வழி. ஜெர்மனியின் பசுமைக் கட்சி 1980இல் தொடங்கி, 1983இல் நாடாளுமன்றத்தில் நுழைந்து, 1998இல்தான் மத்தியில் கூட்டணி ஆட்சியில் பங்கேற்றது. அந்த ஆட்சி 2000இல் கொண்டுவந்த புதுப்பிக்கத்தக்க ஆற்றல் சட்டம், 2005இல் ஆட்சி மாறிய பிறகும் திருத்தங்களோடு தொடர்ந்தது. இதற்கு அடிப்படை, 5 விழுக்காடு வாக்கு பெற்றால் வாக்கின் அளவுக்கேற்ப இடம் கொடுக்கும் விகிதாசார முறை. தொகுதியில் முந்தியவரே வெல்லும் முறையில் அதே வாக்கு, நாம் அஞ்சுகிற வேட்பாளரையே கரையேற்றிவிடக்கூடும்.

பெரிய கட்சிகளுள் ஓரளவு தேவலை என்பதை ஆதரித்து உள்ளிருந்து திருத்துவது மூன்றாவது. பலரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். எனக்கு இதில்தான் ஏமாற்றம் அதிகம். ஆஸ்திரேலியாவில் தொழிற்கட்சி அரசு 2012 ஜூலையில், பெரிய நிறுவனங்கள் வெளியிடும் கரிமத்துக்கு விலை வைத்தது. எதிரணி அதை ஒழிப்பதையே 2013 தேர்தலின் முழக்கமாக்கி வென்று, 2014 ஜூலையில் ஒழித்தது. ஒரு தரப்பு மட்டும் உரிமை கொண்டாடும் திட்டம் மறுதரப்புக்கு இலக்காகிவிடுகிறது.

எனவே, கட்சிகள் அனைத்தையும் ஒருசேரக் கட்டிப்போடும் ஏற்பாட்டைக் கோருவதாகிய நான்காவது வழியிடம் வருகிறேன். ஸ்வீடனில் 1994இல் ஐந்து கட்சிகள் கூடி ஓய்வூதியச் சீர்திருத்தத்துக்கு உடன்பட்டன. பின்னர் அதனுடன், தரவேண்டிய ஓய்வூதியம் திட்டத்தின் சொத்தை மிஞ்சினால் ஓய்வூதிய உயர்வு தானாகவே குறையும் விதியும் சேர்க்கப்பட்டது. தேர்தல் ஆண்டான 2010இல் அது உண்மையிலேயே ஓய்வூதியத்தைக் குறைத்தது. கட்சிகள் ஓய்வூதியர்களின் வரியைக் குறைத்து வலியைத் தணித்தனவே தவிர, ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

அயர்லாந்தின் அனுபவம் இன்னும் நெருக்கமாகப் பார்க்கத் தக்கது. வயது, பாலினம், வட்டாரம் பார்த்துப் பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 99 பேர், 2017இல் இரண்டு வார இறுதிகளில் டப்ளினுக்கு அருகே ஒரு விடுதி அரங்கில் வட்ட மேசைகளைச் சுற்றி அமர்ந்து, வல்லுநர்களைக் கேள்வி கேட்டு, பருவநிலை குறித்து வாக்குச் சீட்டில் முடிவு சொன்னார்கள். கரிமம் மிகுந்த செயல்களுக்குக் கூடுதல் வரி செலுத்தத் தயார் என்றவர்கள் 80 விழுக்காட்டினர். மக்கள் ஏற்க மாட்டார்கள் என்று கட்சிகள் தயங்கிய வரி உயர்வையே, விவரம் அறிந்த மக்கள் ஏற்றார்கள். பின்னர் கரிம வரி 2030இல் டன்னுக்கு 100 யூரோவை எட்டும்வரை ஆண்டுதோறும் உயரும்படி சட்டமானது. எனினும் பிரான்சில் இதேபோன்ற மக்கள் அவையில் 150 பேர் கூடித் தந்த 149 பரிந்துரைகளில் பலவும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீர்த்துப்போயின என்பதையும் மறைக்கக் கூடாது. அவையைக் கூட்டுவதோடு, அதன் பரிந்துரைக்கு நாடாளுமன்றம் பதிலளித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் தேவை.

சட்டமும் சாகாவரம் பெற்றதன்று. பிரிட்டனின் 2008ஆம் ஆண்டுப் பருவநிலைச் சட்டம், ஐந்தாண்டுக்கொரு கரிம வரவுசெலவையும் (உமிழ்வுக்கான உச்சவரம்பு) சுதந்திரமான கண்காணிப்புக் குழுவையும் நிறுவி, பல பிரதமர்களைக் கடந்து நின்றது. 2025இல், எதிர்க்கட்சியாக இருந்த கன்சர்வேடிவ் கட்சியின் தலைமை அதை நீக்கப்போவதாக அறிவித்தது. ஆனால் அதற்கு அவர்கள் தேர்தலில் வென்று, நாடாளுமன்றத்தில் பகிரங்கமாக வாக்களித்தாக வேண்டும். சத்தமில்லாமல் கைவிட முடியாது.

விகிதாசார முறை உள்ள இடத்தில் நான் சிறிய கட்சிக்கே வாக்களிப்பேன். மற்ற இடங்களில், வாக்கு கேட்டு வருகிறவரிடம் ஒரே கேள்வி கேட்பேன்: எதிர்க்கட்சியும் கையெழுத்திடும் இலக்கு, ஆண்டுதோறும் கணக்குச் சொல்லும் குழு, இவ்விரண்டுக்கும் சட்டம் கொண்டுவருவீர்களா?