டிஇஎஃப் ஹீட்டர் கோட் வந்தால் அளந்து காட்டாமல் பம்பை மாற்ற விடாதீர்கள்

லாரி, டிப்பர், பஸ் என்று டிஇஎஃப் டேங்க் உள்ள எந்த டீசல் வண்டி வைத்திருப்பவரும் இதைப் படித்துவிடுங்கள். டிஇஎஃப் என்பது புகையின் மாசைக் குறைக்க எக்ஸாஸ்ட்டில் தெளிக்கும் யூரியாத் திரவம், கடுங்குளிரில் உறைந்துவிடும் என்பதால் அதற்கு ஹீட்டர்கள் வைத்திருப்பார்கள். ஹீட்டர் சர்க்யூட் கோளாறு என்று சொல்லி ஒரு சர்வீஸ் சென்டரில் என்னிடம் முதலில் டிஇஎஃப் பம்புக்கும், அப்புறம் டேங்க் சென்சார் யூனிட்டுக்கும் பணம் வாங்கினார்கள். கடைசியில் ஈசிஎம்மையே, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரையே, மாற்ற வேண்டும் என்றார்கள். கோளாறு இருந்ததோ சேஸிஸ் ஓரமாக ஒரு கனெக்டருக்குள்.

வண்டியில் வந்த கோட் எஸ்பிஎன் 4354, எஃப்எம்ஐ 5. கனரக வண்டிகளுக்கான ஸ்கேனரில் இது தெரியும். எஸ்பிஎன் என்பது எந்தப் பாகம் என்று சொல்லும் எண், எஃப்எம்ஐ என்பது என்ன வகைக் கோளாறு என்று சொல்லும் எண். 4354 என்பது டிஇஎஃப் குழாய் ஹீட்டர்களில் முதலாவது. 4355, 4356, 4357 எல்லாம் அதே வரிசையில் அடுத்தடுத்த குழாய்கள், எந்த எண் எந்தக் குழாய் என்பதை வண்டியின் வயரிங் படத்தில்தான் பார்க்க வேண்டும். டேங்க் ஹீட்டருக்கு 3363 என்று தனி எண்ணே இருக்கிறது. எஃப்எம்ஐ 5 என்றால் கரண்ட் குறைவாக ஓடுகிறது அல்லது சர்க்யூட் எங்கோ அறுந்திருக்கிறது, அவ்வளவுதான். ஹீட்டர் கம்பி அறுந்ததா, வயரா, பின்னா, ரிலேயா என்று கோட் சொல்வதில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் மீட்டர் இருக்கிறது, அதற்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம்.

அங்கே நடந்தது வேறு. ஸ்கேனரைச் செருகினார்கள், கோட் வந்தது, "சார், பம்ப் போயிடுச்சு, உள்ளேயே ஹீட்டர் இருக்கு, செட்டாத்தான் மாத்தணும்" என்றார் அட்வைசர். பம்புக்குள் ஹீட்டர் இருப்பது உண்மைதான், ஆனால் வந்த கோட் குழாய் ஹீட்டருக்கானது. மாற்றினார்கள், கோட் அழிந்தது, வண்டி ஓடியது, கொஞ்ச நாளில் விளக்கு திரும்பவும் எரிந்தது. இந்த முறை டேங்க் யூனிட் என்றார்கள். எங்கள் வண்டியில் டேங்க்குக்குள் உறைந்ததை உருக்குவது மின்சாரமே இல்லை, என்ஜின் கூலன்ட்தான், ஒரு வால்வு திறந்து டேங்க் சுருளுக்குள் சூடான கூலன்ட்டை விடுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் குழாய் ஹீட்டரின் மின்சார கோட்டுக்கு டேங்க் யூனிட்டை மாற்றியதற்கு என்ன காரணம் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

அதே கோட் மறுபடி வந்ததும், ஈசிஎம் என்ற பேச்சு ஆரம்பித்ததும், வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் வயரிங் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு அந்தக் குழாயின் ஹீட்டர் கனெக்டரைத் தேடிப்போய்க் கழற்றப் பார்த்தார், கழலவில்லை. காய்ந்த யூரியா வெள்ளையாக, கல் மாதிரி இறுகி லாக்கையே ஒட்ட வைத்திருந்தது. "அண்ணே, இத இதுக்கு முன்னாடி யாரும் தொறக்கவே இல்ல" என்றார். பில்லில் 'ஹீட்டர் சர்க்யூட் முழுவதும் சோதிக்கப்பட்டது' என்று எழுதிக் கூலி போட்டிருக்கிறார்கள். கழற்றாத கனெக்டரில் எதைச் சோதித்தார்கள்?

டிஇஎஃப் என்பது 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். செம்பையும் பித்தளையையும் அரித்துவிடும். மேலே இருந்த குழாய் இணைப்பில் ஓ-ரிங் கசிந்து சொட்டுச் சொட்டாகக் கனெக்டருக்குள் இறங்கியிருக்கிறது. ஒரு பின் பச்சையாகப் பொடிந்து போயிருந்தது. இதைவிட மோசம், இந்தத் திரவம் வயரின் உறைக்குள் செம்பு இழைகளுக்கு நடுவே ஊறி ஊறிப் போகும். வெளியே பார்த்தால் வயர் புத்தம் புதுசு மாதிரி இருக்கும், உள்ளே கறுத்திருக்கும். அதனால் பின்னை மட்டும் மாற்றினால் போதாது. பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிக்கொண்டே போய் அங்கிருந்து புது வயர் போட வேண்டும். அவர் அப்படித்தான் செய்தார், கசிந்த இணைப்பையும் மாற்றினார்.

அவர் அளந்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஏமாற்றுவது இந்த இடத்தில்தான் நடக்கிறது. கனெக்டரைக் கழற்றிவிட்டு ஹீட்டரின் இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம், அதாவது மின்தடை, பார்த்தார். மேனுவலில் உள்ள அளவுக்குள் இருந்தது, அதாவது ஹீட்டர் நன்றாக இருக்கிறது. அடுத்து ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸுக்கும் நடுவே பார்த்தார், எர்த் ஆகவில்லை. பிறகு வயரிங் பக்கம் வந்து ஸ்கேனரில் ஹீட்டரை ஆன் செய்யச் சொல்லிவிட்டு, சப்ளை வருகிறதா என்று மீட்டரோடு நிற்காமல் ஒரு டெஸ்ட் பல்பையும் போட்டுப் பார்த்தார். இது முக்கியம். அரித்துப்போன வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் லோடு இல்லாதபோது மீட்டர் முழு பேட்டரி வோல்டேஜைக் காட்டும். கரண்ட் ஓட வேண்டிய நேரத்தில்தான் அது விழும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். 24 வோல்ட் வண்டியில் 8 ஓம் ஹீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 ஆம்பியர் ஓடும், 72 வாட் சூடு கிடைக்கும். அரித்த பின் இன்னொரு 8 ஓம் சேர்த்தால் கரண்ட் 1.5 ஆம்பியராகிவிடும், ஹீட்டருக்குக் கிடைப்பது 18 வாட், கால்வாசி. பல்பு மங்கலாக எரிவதைப் பார்த்தாலே சர்க்யூட்டில் எங்கோ தடை இருப்பது புரிந்துவிடும். இத்தனைக்கும் அந்த வேலைக்கு ஒரு மீட்டரும், ஸ்கேனரும், பல்பும், பொறுமையும்தான் தேவைப்பட்டது. இன்னொன்று, பிடிசி வகை ஹீட்டராக இருந்தால் சூட்டைப் பொறுத்து ஓம் மாறும், மேனுவல் சொல்லும் வெப்பநிலையில் அளந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

"நம்ம பக்கம் உறையவே உறையாது, கோட்டை அழிச்சுட்டு ஓட்டுங்க" என்று சொல்பவர்களிடமும் ஜாக்கிரதையாக இருங்கள். டிஇஎஃப் உறைவது மைனஸ் 11 டிகிரியில் என்பது சரிதான். ஆனால் வயர் அறுந்திருக்கிறதா என்ற சோதனையை வெயில் காலத்திலும் செய்யும் வண்டிகள் இருக்கின்றன. வேறு சில சோதனைகள் குளிர்ந்தால்தான் ஓடும், அதனால் கோட் அழித்ததும் சரியானது போலவே தெரியும். குளிரில் மறுபடி வந்து நிற்கும், பம்பை மாற்றியதால்தான் இத்தனை நாள் ஓடியது என்று அவர்கள் சொல்லிக்கொள்ளவும் அது வசதி. ஹீட்டருக்குப் பதிலாக ஒரு ரெசிஸ்டரை வைத்து ஈசிஎம்மை ஏமாற்றித் தருகிறேன் என்பவர்கள் பக்கமே போகாதீர்கள், நிஜமாகவே உறையும் இரவில் குழாய் அடைத்துக்கொண்டால் அவர்கள் வரமாட்டார்கள்.

வேலை கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: ஹீட்டர் எத்தனை ஓம், மேனுவலில் எத்தனை, லோடில் வோல்டேஜ் எத்தனை, மூன்றையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். ஃப்யூஸ், ரிலே, எர்த் பாயின்ட், கனெக்டர் எல்லாம் பார்த்த பிறகுதான் பார்ட் பற்றிப் பேச்சு. கழற்றிய பழைய பார்ட்டைக் கையோடு வாங்கி வையுங்கள், அந்த கனெக்டரையும் போட்டோ எடுங்கள். என் பழைய பம்பைக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது என்றார்கள். டேங்க் யூனிட் கிடைத்தது, அதே எலக்ட்ரீஷியன் அதை மேசையில் வைத்து லெவல் சென்சார், டெம்பரேச்சர் சென்சார் இரண்டையும் சோதித்தார், இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. அந்த அளவுகளோடு பில்லையும் கனெக்டர் போட்டோவையும் சேர்த்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன், பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.