படங்கள் பத்திரம் என்றார்கள்: ஆறாயிரத்து எண்ணூறும் போயிற்று, அப்பாவின் படங்களும் போயின

ஆறாயிரத்து எண்ணூறு கொடுத்து என் அப்பாவின் படங்களை அழித்துக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதும்போதே கை நடுங்குகிறது. ஆனால் இன்றே எழுதாவிட்டால் நாளை இன்னொருவர் அதே கணினிப் பழுதுக் கடையின் மேசைக்கு முன்னால் போய் உட்காருவார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போயிருந்தோம். மகளுக்கு அப்போது நான்கு வயது. பெரிய சவாரிகளின் வாசலில் உயரம் அளக்க ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதற்கு ஒரு சாண் குறைவாக இருந்தாள். அழுதவளைத் தூக்கிக்கொண்டுபோய்க் குதிரை ராட்டினத்தில் தன் மடியில் உட்காரவைத்துக்கொண்டவர் அப்பா. அன்றைய படங்கள் இருநூறுக்கு மேல் இருக்கும். அப்பா இப்போது இல்லை. போன ஞாயிறு அதே பூங்காவுக்கு மறுபடியும் போய், அதே இடங்களில் நின்று படம் எடுப்பதென்று மகளும் நானும் ஒரு மாதமாகத் திட்டம் போட்டிருந்தோம்.

அந்தப் படங்கள் இருந்தது 2019-இல் வாங்கிய மடிக்கணினியில். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐப் போட்டுப் பார்க்கலாம் என்று கணினி பழுது பார்க்கும் ஒரு சிறிய கடைக்குப் போனேன். உரிமம், கூலி, கோப்புகளை நகலெடுப்பது எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து எண்ணூறு என்றார்கள்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். படங்கள் முக்கியம் என்று மூன்று முறை சொன்னேன். மேசையில் இருந்த இளைஞர் கணினியை என் பக்கம் திருப்பி, அந்தக் கோப்புறையைத் திறந்து, ராட்டினப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். "தாத்தாவா அக்கா? இதை விடுவோமா? என் பொறுப்பு" என்றார். பிறகு ஒரு பென் டிரைவில் அதே கோப்புறையின் பெயர் வந்திருப்பதையும் காட்டினார். என் அப்பாவைப் பார்த்து அப்படிக் கேட்டவரை எப்படிச் சந்தேகிப்பேன்? பணத்தை எண்ணி வைத்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை இரவு படங்களைக் கைப்பேசிக்கு மாற்றலாம் என்று பென் டிரைவைச் செருகினேன். கோப்புறை திறக்கவில்லை. அளவைப் பார்த்தால் வெறும் இரண்டு கேபி. அவர் நகலெடுத்தது படங்களை அல்ல. முகப்புத் திரையில் நான் வைத்திருந்த குறுக்குவழியை. அது படம் இருக்கும் இடத்தைக் காட்டும் வெறும் சுட்டி. அது காட்டிய இடத்தை அவர்களே முழுதாக அழித்துவிட்டுத்தான் புதிய இயங்குதளத்தைப் போட்டிருக்கிறார்கள்.

டிக்கெட் ஏற்கெனவே எடுத்திருந்ததால் ஞாயிறு போனோம். ராட்டினத்துக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள். "தாத்தா எந்தக் குதிரையில் உட்கார்ந்திருந்தார், அம்மா?" என்று மகள் கேட்டாள். எனக்கு நினைவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்றுதானே இருந்தேன்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். "மேகச் சேமிப்பில் இருக்கும், தேடிப் பாருங்கள்" என்றார்கள். நான் அதைப் பயன்படுத்தியதே இல்லை. செவ்வாயன்று, முதலாளி வெளியூரில் இருக்கிறாராம். புதன்கிழமை அதே முதலாளி ரசீதைத் திருப்பிக் காட்டினார்: "தரவு இழப்புக்கு நாங்கள் பொறுப்பல்ல." பொடி எழுத்தில் இருக்கிறது. அப்படியென்றால் நகலெடுக்க என்று எதற்குக் காசு வாங்கினீர்கள் என்றேன். அடுத்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டுவிட்டார். அக்கா என்று அழைத்த இளைஞர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இன்று தொலைபேசியையும் எடுக்கவில்லை.

அழிந்த தரவை மீட்டுத் தரும் ஒருவரிடமும் காட்டினேன். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்காக இருந்தால் ஓரளவு நம்பிக்கை உண்டாம். என்னுடையது எஸ்எஸ்டி, அதாவது சுழலும் பாகமே இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் வகை. அழித்த இடங்களை 'டிரிம்' என்ற கட்டளை உள்ளேயே துடைத்துவிடுவதால் மீட்பது கிட்டத்தட்ட நடக்காது என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றைக் கேட்டுத்தான் வயிறு எரிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் எட்டாம் தலைமுறை இன்டெல் செயலியும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் என் கணினியிலேயே இருக்கின்றன. உரிமமுள்ள விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு அமைப்புகள் பக்கத்திலேயே, கோப்புகள் அப்படியே இருக்க, இலவசமாக மாறியிருக்கலாம். இலவசம்! அதற்குத்தான் ஆறாயிரத்து எண்ணூறு. அவர்கள் போட்ட உரிமமாவது ஒழுங்கானதா? "உங்கள் நிறுவனத்தின் செயல்படுத்தும் சேவை" வழியாக இயங்குகிறது என்று காட்டுகிறது. எனக்கு ஏது நிறுவனம்? அலுவலகங்களுக்கான அந்த முறையில் 180 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் உரிமம் காலாவதியாகிவிடும்.

நிறைய அறிவுரை எழுத நினைத்தேன், மனம் ஓடவில்லை. நகலை நீங்களே எடுங்கள். வேறொரு கணினியில் செருகி, நான்கு படங்களையாவது திறந்து பாருங்கள், அளவையும் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' செயலியில், உங்கள் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று முதலில் சோதியுங்கள். வேறு இயங்குதளத்தை முயன்று பார்க்கும் ஆசை என்றால், லினக்ஸ் மின்ட் போன்றவற்றை பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். நிறுவாதவரை வட்டில் எதுவும் மாறாது. ரசீதின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

நாளை காலை மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன். அந்த இரண்டு கேபி கோப்பை அழிக்காமல் வைத்திருக்கிறேன்.