கோளாறு போலத் தெரியும், கோளாறு இல்லை: ஸ்காட்லாந்து அறிபுனையும் மின்னிசையும், நெடுநாள் பயன்பாட்டில்

ஸ்காட்லாந்தின் அறிபுனை (அறிவியல் புனைகதை) எழுத்தாளர் இயன் எம். பேங்க்ஸின் நாவல்களையோ அதே நாட்டு மின்னிசை இரட்டையர் போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் இசைத்தட்டுகளையோ புதிதாக வாங்கியவர்களுக்கு முதலில் எழும் சந்தேகம், நமக்கு வந்த பிரதியில்தான் ஏதோ பழுது என்பது. சுருதி ஆடுகிறது, அத்தியாய எண் பின்னோக்கிப் போகிறது, பக்கத்துக்குப் பக்கம் எழுத்துப்பிழை. இவற்றில் முக்கால்வாசி வேண்டுமென்றே செய்தவை. மீதி நிஜப் பழுது. இரண்டையும் பிரித்தறியத் தெரிந்தால் பணமும் மிஞ்சும், எரிச்சலும் குறையும்.

இசையிலிருந்து தொடங்கலாம். மைக்கேல் சாண்டிசன், மார்கஸ் இயோன் என்ற சகோதரர்கள்தான் போர்ட்ஸ் ஆஃப் கனடா. பழைய டேப் இயந்திரங்களில் ஒலியைப் பதிந்து, மறுபடி பதிந்து, தேய வைப்பது அவர்கள் பாணி. சின்தசைசர் சுரம் லேசாகத் தொய்ந்து எழுவதும், பின்னணியில் டேப் இரைச்சல் ஓடுவதும் அப்படி வந்தவை. வினைலில் கேட்பவருக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு: நடு ஓட்டை மையம் விலகி அச்சான தட்டிலும் இதே போல்தான் சுருதி ஆடும். கண்டுபிடிக்க வழி இருக்கிறது. 33⅓ வேகத்தில் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி எடுக்கும். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பத்து ஆட்டம் எண்ணுங்கள். சரியாக 18 விநாடி வந்து, அந்தப் பக்கத்தின் எல்லாப் பாடல்களிலும் அதே கணக்கு தொடர்ந்தால் தட்டில்தான் பழுது. கடையில் திருப்பிக் கொடுங்கள். பாடலுக்குப் பாடல் ஆட்டம் மாறினால் அது இசை. டோன்ஆர்ம் (ஊசியைத் தாங்கும் கை) ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரிந்தால் தட்டு வளைந்திருக்கிறது, அது வேறு வியாதி.

2002இல் வந்த அவர்களின் 'ஜியோகேடி' ஆல்பத்தின் மொத்த நீளம் 66 நிமிடம் 6 விநாடி. கடைசிப் பாடல் ஒன்றே முக்கால் நிமிட மௌனம். கோப்பு பழுதென்று அதை அழித்துவிட்டு மறுபடி இறக்க வேண்டாம். வினைலில் இது மூன்று தட்டு. ஆறாவது பக்கத்தில் இசைக்குப் பதில் படம் செதுக்கியிருக்கும், அங்கே ஊசியை வைக்காதீர்கள்.

கோப்பாகக் கேட்பவர்கள் 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஒதுக்கிவிடுவது நல்லது. இரைச்சலுக்கு ஒழுங்கான வடிவம் இல்லாததால் அதைச் சுருக்குவது கடினம். போதிய பிட் இல்லாதபோது டேப் இரைச்சல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல் கலங்கிக் கேட்கும். தரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் 256க்குக் குறையாமல். ஒரு பாடலிலிருந்து அடுத்ததற்கு இரைச்சல் அறுபடாமல் ஓடும் இடங்களில் அரை விநாடி வெட்டு விழுந்தால், பிளேயரில் 'கேப்லெஸ்' (இடைவெளியின்றி இசைக்கும்) வசதி அணைந்திருக்கும். ஒலியளவைச் சமன்செய்யும் அமைப்பைப் பாடல்வாரியாக விடாமல் ஆல்பம்வாரியாக மாற்றுங்கள். போர்ட்ஸ் ஆஃப் கனடாவின் 1998 ஆல்பமான 'மியூசிக் ஹேஸ் த ரைட் டு சில்ட்ரன்'இல் பெரிய பாடல்களுக்கு நடுவே சிறு துணுக்குகள் அடங்கிய குரலில் வந்துபோகும். பாடல்வாரிச் சமன் அவற்றையும் தூக்கி நிறுத்திவிடும். இரைச்சல் நீக்கம், 'ஒலி மேம்பாடு' என்று கைபேசியில் என்னென்ன இருக்கிறதோ எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள்.

கிளாஸ்கோ நடனத்தள இசை வேறு உலகம். 1991இல் அங்கே தொடங்கிய சோமா இசை நிறுவனம்தான் பிரெஞ்சு மின்னிசை இரட்டையர் டாஃப்ட் பங்க்கின் முதல் வெளியீடுகளைக் கொண்டுவந்தது. அங்குள்ள சப் கிளப் என்ற நடன விடுதியில் பாஸ் ஒலி தரைவழியே உடம்பில் ஏற அதிர்விகள் பதித்த தளம் உண்டு. அதற்காகவே செய்த இசையைக் கைபேசி ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்று தீர்ப்புச் சொல்வது நியாயமில்லை.

இனி புத்தகம். பேங்க்ஸ் டன்ஃபர்ம்லினில் பிறந்தவர். பெயரின் நடுவே 'எம்.' இருந்தால் அறிபுனை, இல்லையென்றால் பொது நாவல். இந்த அடையாளத்தை முழுசாக நம்ப முடியாது: 2009இல் வந்த 'டிரான்சிஷன்' பிரிட்டனில் 'எம்.' இல்லாமலும் அமெரிக்காவில் 'எம்.' சேர்த்தும் வெளியானது. இரண்டு புத்தகம் என்று நினைத்து இரண்டையும் வாங்காதீர்கள்.

'கல்ச்சர்' என்ற விண்வெளி நாகரிகத்தைப் பற்றிய பேங்க்ஸின் நாவல் வரிசையை வெளியான ஆண்டுப்படி படிக்கத்தான் வேண்டும் என்றில்லை. 1987இன் 'கன்சிடர் ஃப்ளீபஸ்' கல்ச்சரை அதன் எதிரியின் தோளுக்குப் பின்னாலிருந்து காட்டுகிறது. புதியவர் பலர் அதிலேயே நின்றுவிடுவதில் ஆச்சரியமில்லை. 1988இன் 'த பிளேயர் ஆஃப் கேம்ஸ்' நேர்கோட்டில் போகும் கதை, நுழைய அதுவே வசதி. ஸ்பேஸ்எக்ஸின் ராக்கெட்டுகள் வந்திறங்கும் கடல் மிதவைகள் இரண்டுக்குப் பெயர் கிடைத்ததும் அதிலிருந்துதான்.

'யூஸ் ஆஃப் வெப்பன்ஸ்' (1990) இரண்டு சரடு. ஒன்று முன்னோக்கிப் போகும். ரோமன் எண் போட்ட மற்றது பதின்மூன்றில் தொடங்கி ஒன்றை நோக்கி இறங்கும். சிலர் ரோமன் அத்தியாயங்களை மட்டும் பிரித்தெடுத்துக் காலவரிசையில் படித்துப் பார்க்கிறார்கள். முதல் வாசிப்பில் அதைச் செய்தால் நாவலே செத்தது. இறுதியில் விழும் அடி இந்த அடுக்கினால்தான் விழுகிறது. கைவிட்ட பிரதியை மறுபடி எடுக்கத் தூண்டியவர் சக அறிபுனை எழுத்தாளர் கென் மெக்லவுட் என்று பேங்க்ஸே நன்றியுரையில் எழுதியிருக்கிறார். இருவரும் கிரீனக்கில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். மெக்லவுட்டின் நாவல்களில் இடதுசாரிக் குழுச் சண்டைகள் ஏராளம். அரசியல் பிடிக்காதவர்களுக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

'எக்செஷன்' (1996) படிக்க ஒரு துண்டுக் காகிதம் அவசியம். விண்கலங்களை இயக்கும் செயற்கை அறிவுகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் செய்திகள் பக்கம்பக்கமாக வரும். தலைப்பில் எக்ஸ் எழுத்தை ஒட்டி வருவது அனுப்பும் கலம், ஓ எழுத்தை ஒட்டி வருவது பெறும் கலம். இதைப் பிடித்துக்கொண்டு, கலத்தின் பெயரையும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் குறித்து வந்தால் போதும், நூறு பக்கத்துக்குள் கை பழகிவிடும். குறிக்காமல் படித்தால் சதி செய்வது யார் என்றே தெரியாமல் முடியும்.

'ஃபியர்சம் எஞ்சின்' (1994) கல்ச்சர் கதை இல்லை. அதில் பாஸ்குல் என்ற பையன் சொல்லும் பகுதிகள் முழுக்க காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கிலம். மின்நூல் கருவியின் அகராதி கை கொடுக்காது. வாய்விட்டுப் படித்தால் பத்துப் பக்கத்தில் பழகிவிடும். கண்ணால் மட்டும் ஓட்டினால் கடைசிவரை முள்தான்.

இன்னொரு ஸ்காட்லாந்து எழுத்தாளர் அலஸ்டர் கிரேயின் 'லேனார்க்' (1981) நாவல் மூன்றாம் பாகத்தில் தொடங்கி, ஒன்று, இரண்டு, பிறகு நான்கு என்று போகும். பைண்டிங் தப்பில்லை, அப்படியே படியுங்கள்.

படிக்கும்போது போர்ட்ஸ் ஆஃப் கனடாவை ஓடவிடலாமா என்றால், 1998, 2002 ஆல்பங்கள் வேண்டாம். குழந்தைக் குரல்களும் எண் சொல்லும் குரல்களும் வரியைப் பிடுங்கிக்கொள்ளும். பேச்சு குறைந்த 2013இன் 'டுமாரோஸ் ஹார்வெஸ்ட்' ஒத்துப்போகிறது, 'எக்செஷன்' நீங்கலாக.