காம்பவுண்ட் வில் வாங்கப் போகும் பெற்றோர்களே, 92,000 ரூபாய் கொடுத்து நாங்கள் பட்டதைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று சாயங்காலம் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். காம்பவுண்ட் வில் என்றால் இரண்டு நுனியிலும் சக்கரமும் கேபிளும் வைத்த வில். அதை வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

நாங்கள் ராயக்கோட்டைப் பக்கம். இரண்டு ஏக்கர் மல்பெரி, பட்டுப்புழு வளர்ப்பு. மகளுக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. இரண்டு வருடமாக ஓசூருக்குப் போய் வில்வித்தை பழகுகிறாள், வாரத்துக்கு மூன்று நாள், பஸ்ஸில். 2023-இல் பெர்லினில் அதிதி சுவாமி பதினேழு வயதில் காம்பவுண்டில் உலக சாம்பியன் ஆனதைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு காம்பவுண்ட்தான், வேறு பேச்சே இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்ட் கலப்பு அணிப் போட்டியும் வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து இன்னும் தீவிரம். இதுவரை பயிற்சி இடத்து வில்லை நாலு பிள்ளைகள் மாற்றி மாற்றி எய்தார்கள். சொந்தமாக ஒன்று இருந்தால்தான் அளவு சரியாக வைத்துப் பழக முடியும் என்று கோச் சொன்னார். சரி, இரண்டு வளர்ப்புக் கூட்டுக் காசும் என் மனைவி எடுத்த சீட்டுக் காசும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

ராமநகரத்தில் கூடு விற்றுவிட்டுத் திரும்பும் வழியில் பெங்களூரில் இறங்கினோம். விளையாட்டுச் சாமான் கடை, மாடியில் வில் அம்புக்கென்று தனிப் பகுதி. பெயர் போடவில்லை, போட்டால் அதையே பிடித்துக்கொண்டு என் மேல் வழக்குப் போடுவார்கள் என்று தெரிந்த வக்கீல் சொல்லியிருக்கிறார். கோச் அன்று பிள்ளைகளை மேட்சுக்குக் கூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார், தான் திரும்பி வரும்வரை பொறுங்கள் என்றார். நாங்கள் பொறுக்கவில்லை. காசு கையில் இருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்ற எண்ணம், விவசாயி வீட்டில் காசு நிற்காது என்பது உங்களுக்கும் தெரியும்.

கடை ஓனர் டீ வாங்கிக் கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்டார், சொன்னதும், "எங்கம்மா காவேரிப்பட்டணம்தாங்க, ஊர்க்காரங்களுக்கு நான் லாபம் பார்க்கறதில்ல" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அதற்கப்புறம் அவர் சொன்னது எதையும் நான் இரண்டாம் முறை யோசிக்கவில்லை.

மகள் கேட்டது போட்டிக்கான நீளமான வில். அவர் எடுத்து வைத்தது காட்டுப் பச்சையில் புள்ளி புள்ளியாக இருக்கும் வேட்டை வில், குட்டையானது. போட்டி வில் வர மூன்று மாதம் ஆகும், அதுவும் ஒன்றரை லட்சத்துக்கு மேல் என்றார். "இது ஹன்டிங் போ சார், காட்டுல மேட்டுல போட்டு எடுக்கறதுக்குன்னே செய்யறது, பாப்பா காலத்துக்கும் உழைக்கும், லிம்பு கார்பன், உடையவே உடையாது" என்றார். லிம்பு என்பது கைப்பிடிக்கு மேலும் கீழும் வளைந்து நிற்கும் இரண்டு தகடு. சைட் (குறி பார்க்க), ரெஸ்ட் (அம்பு உட்கார), ரிலீஸ் (நாணை இழுத்து விட), ஆறு அம்பு எல்லாம் சேர்த்து 98,000 என்று வில்லில் விலைச்சீட்டுத் தொங்கியது. ஊர்க்காரர் என்பதால் 92,000 என்று அந்தச் சீட்டிலேயே பேனாவால் அடித்துத் திருத்தினார். மகள் அந்தச் சீட்டைக் கழற்றிப் பத்திரமாகத் தன் நோட்டில் ஒட்டி வைத்துக்கொண்டாள். அது பின்னால் எவ்வளவு முக்கியமாகும் என்று அன்று எங்களுக்குத் தெரியாது.

92,000 ரூபாய். என் வாழ்க்கையில் வண்டிக்கு அப்புறம் நான் வாங்கிய பெரிய பொருள் இதுதான்.

இருபத்தோரு நாள் எய்தாள். இருபதாம் நாள் ராத்திரி வில்லைத் துடைக்கும்போது, மேல் லிம்பில் சக்கரம் உட்காரும் நுனிக்குப் பக்கத்தில் துணி சிக்குகிறது என்றாள். டார்ச் அடித்துப் பார்த்தேன். தலைமுடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு, லிம்பின் நீளவாக்கில், ஒரு விரல்கடை இருக்கும். பெயின்ட் கீறல் என்று நினைத்தேன். கடைக்கு போட்டோ அனுப்பினேன். "கோட்டிங் சார், ஒண்ணும் ஆகாது, தைரியமா எய்யச் சொல்லுங்க" என்று பதில் வந்தது. அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது. அதை நம்பி என் பிள்ளையை நான்தான் மறுநாள் அனுப்பினேன், இதை நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மறுநாள் 50 மீட்டரில் எய்யும்போது, முழுக்க இழுத்து நிறுத்தி குறி பார்க்கும் நேரத்தில், பட்டாசு வெடித்த மாதிரி சத்தம். மேல் லிம்ப் நுனியிலிருந்து பாதி வரை வகுந்துவிட்டது. சக்கரம் கழன்று, கேபிள் இடது முன்கையில் சாட்டை மாதிரி அடித்து, சிதறிய சிராய் ஒன்று புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டது. ஐந்து தையல். ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் கண். கை வீங்கிக் கறுத்துப்போனது, பத்து நாள் பேனா பிடிக்கத்தான் முடிந்தது, வில்லைத் தொட முடியவில்லை.

கோச் திரும்பி வந்ததும் வில்லைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். காம்பவுண்ட் வில்லில் இழுக்காமல் சும்மா மாட்டி வைத்திருக்கும்போதே லிம்ப் வளைந்துதான் நிற்கும், அழுத்தம் எப்போதும் அதில் இருக்கும். நாம் இழுக்கும் சக்தி முழுவதும் அந்த இரண்டு லிம்பில்தான் போய்த் தங்குகிறது. விடும்போது அதில் பெரும்பங்கை அம்பு எடுத்துக்கொண்டு போய்விடும். அம்பு இல்லாமல் நாணை விட்டால் அந்தச் சக்தி போக இடமில்லாமல் திரும்ப லிம்புக்கும் சக்கரத்துக்கும் கேபிளுக்கும்தான் வரும். அதைத்தான் டிரை ஃபயர் என்கிறார்கள். ஒரே ஒரு தடவை போதும். சில வில் அங்கேயே சிதறும். சில வில் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே இழை விட்டுப்போய், நாள் கழித்துப் பிளக்கும்.

அதோடு லிம்பில் ஒட்டியிருந்த எண்ணைக் காட்டினார், 50–60 பவுண்டு, வில்லை இழுக்க வேண்டிய பலம் அது. என் மகளுக்கு வேண்டியது 42. கடையில் லிம்பைக் கைப்பிடியோடு பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தித் தளர்த்தி அந்தப் பவுண்டைக் கீழே கொண்டுவந்திருக்கிறார்கள். அதற்கு ஒரு அளவு உண்டு, கம்பெனி சொன்ன சுற்றுக்கு மேல் தளர்த்தக் கூடாது, மேலும் கீழும் ஒரே சுற்று இருக்க வேண்டும். எங்கள் வில்லில் மேல் போல்ட் கீழ் போல்ட்டைவிட இரண்டு சுற்று அதிகமாக வெளியே நின்றது. வேட்டை வில் உழைக்காது என்று அவரும் சொல்லவில்லை. ஆனால் வேட்டைக்குப் போகிறவர் கொஞ்சம் அம்புதான் எய்வார், பயிற்சி எடுக்கும் பிள்ளை ஒரே நாளில் நூறு நூற்றைம்பது எய்யும், குட்டை வில் குறி பார்க்கவும் சிரமம், போட்டிக்குப் பழகுகிற பிள்ளைக்கு இதைத் தலையில் கட்டினது தப்பு என்றார். நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு விலங்கை வேட்டையாடுவதே குற்றம், அப்படியிருக்க வேட்டை வில் என்பதை ஒரு பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறார்கள்.

இனி கடைக்காரர் கதை. முதல் நாள் போன் எடுத்தார், "ஐயோ பாப்பாவுக்கு எப்படி இருக்கு, வில்லை கொரியர்ல அனுப்புங்க, கம்பெனிக்கிட்ட பேசி புது லிம்பு வாங்கித் தர்றேன்" என்றார். நம்பி அனுப்பினேன். ஒரு வாரம் பதில் இல்லை. அடுத்த வாரம் "ஓனர் ஊர்ல இல்ல". அதற்கடுத்து "கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்". நேரில் போனேன், ராயக்கோட்டையில் விடியற்காலை பஸ் ஏறி, பதினோரு மணிக்குக் கடை வாசலில் நின்றேன். கல்லாவில் இருந்தவர், ஓனர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார், இரண்டரை மணி வரை படிக்கட்டில் உட்கார வைத்தார்கள். அன்றைக்கு டீ இல்லை. கடைசியில் வந்து ஒரே வரி சொன்னார்: "இது டிரை ஃபயர் சார். உங்க பொண்ணு அம்பு இல்லாம விட்டிருக்கு. வாரண்டி கிடையாது. வேணும்னா புது லிம்புக்கு 38,000 கட்டுங்க."

என் பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டாள். வில் கையில் கொடுப்பதற்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவது அதுதான். வீட்டுக்கு வந்து சொன்னதும் அவள் அழுதுவிட்டாள், அடிபட்ட அன்றுகூட அழவில்லை.

அன்று ராத்திரி என் மனைவி பழைய வீடியோவைத் தேடி எடுத்தாள். கடையில் மகள் கண்ணாடி முன்னால் ரிலீஸைக் கையில் மாட்டிக்கொண்டு நிற்பதை அவள் போனில் எடுத்திருந்தாள். பின்னால் கவுன்டர் தெரிகிறது. கடைப் பையன் இன்னொரு வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்காக, பில் போட வைத்திருந்த எங்கள் வில்லை எடுத்து, விரலால் இழுத்து, விட்டுவிடுகிறான். அம்பு இல்லை. "டமார்" என்று ஒரு சத்தம், மகள் திடுக்கிட்டுத் திரும்புகிறாள். ஓனர் குரல் கேட்கிறது: "ஒண்ணும் ஆகாது சார், கார்பன்." விலைச்சீட்டு வில்லில் ஆடுகிறது, பேனாவால் அடித்துத் திருத்திய அதே சீட்டு. அன்று அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேர் காதிலும்தான் விழுந்தது. வில் என்றால் சத்தம் வரும்போல என்று நான் சும்மா இருந்தேன். மகள் மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்திருக்கிறாள், நான் ஓனரோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தேன்.

வீடியோவை அனுப்பினேன். "அது வேற வில்லு" என்று பதில். சீட்டின் போட்டோவை அனுப்பினேன். இரண்டு நீல டிக். பதில் இல்லை. வில் செய்த வெளிநாட்டுக் கம்பெனிக்கு மகளே மெயில் எழுதினாள். அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வாங்கிப் பதிவு செய்த முதல் சொந்தக்காரருக்குத்தான் லிம்ப் வாரண்டி, இந்தக் கடை எங்கள் டீலர் இல்லை என்று பதில் வந்தது. "லிம்புக்கு லைஃப்டைம் வாரண்டி" என்று கடையில் வாயால் சொன்னது எல்லாம் காற்றோடு போச்சு. பில்லை எடுத்துப் பார்த்தால் "ஸ்போர்ட்ஸ் குட்ஸ் – 1" என்று மட்டும் இருக்கிறது, வில்லின் நம்பர்கூட இல்லை. நேற்று, வில்லையாவது திருப்பி அனுப்புங்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் பிளாக். 92,000 ரூபாயும் போச்சு, உடைந்த வில்லும் அவர்களிடம்தான் இருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துவிட்டேன். நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை என்று வக்கீல் சொன்னார். திங்கட்கிழமை பில், வீடியோ, அந்தச் சீட்டு, கொரியர் ரசீது எல்லாம் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி போகிறேன்.

எச்சரிக்கை எழுதுகிறேன் என்றேன், சுருக்கமாகச் சொல்கிறேன். கோச் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். கடையில் யாராவது அம்பில்லாமல் நாணை விட்டால் அந்த வில் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள், டீ குடித்திருந்தாலும் சரி. லிம்ப் முழுக்க, இரண்டு ஓரத்திலும், பஞ்சை வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள், பஞ்சு இழை சிக்கினால் அங்கே பிளவு இருக்கிறது. வெறும் விரலால் தடவாதீர்கள், சிராய் ஏறிவிடும். லிம்பில் ஒட்டியிருக்கும் பவுண்டு எண் உங்கள் பிள்ளைக்குப் பொருந்த வேண்டும், தளர்த்தித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ரொம்ப லேசான அம்பும் கிட்டத்தட்ட டிரை ஃபயர் மாதிரிதான், வில்லின் ஒரு பவுண்டுக்கு அம்பின் எடை 5 கிரெய்னுக்குக் (அம்பை எடை போடும் அளவு) குறையக் கூடாது என்கிறார் கோச். நாக், அதாவது நாணில் மாட்டும் வால் நுனி, விரிசல் விட்ட அம்பை எய்யவே கூடாது. வெயிலில் நிற்கும் காருக்குள் வில்லை வைக்காதீர்கள். பில்லில் வில்லின் நம்பர் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். உடைந்த பொருளை யாருக்கும் கொரியரில் அனுப்பாதீர்கள், நேரில் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குங்கள்.

இன்னும் நாண், கேபிள் பற்றி எழுத வேண்டும் என்றிருந்தேன். புழு நாலாம் தோல் உரித்து எழுந்துவிட்டது, தழை போடப் போகணும். மகள் இப்போது மறுபடியும் பயிற்சி இடத்துப் பழைய வில்லில்தான் எய்கிறாள், ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் பஞ்சால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான்.